படப்பிடிப்பில் வளர்ந்த குழந்தை இயக்குநரானால்: சாரா பாலியின் கதை

கேள்வி இதுதான்: குழந்தை நட்சத்திரமாகப் பெயர் வாங்கிவிட்டு, வளர்ந்ததும் நடிப்பை ஓரம் வைத்து இயக்குநரானவர்களில் உண்மையிலேயே நல்ல படங்கள் எடுத்தவர் யார்? சின்ன வயதில் கேமரா முன்னால் கழித்த அந்த வருடங்கள் இயக்கத்துக்கு உதவுமா, இல்லை அது வெறும் அறிமுகச் சீட்டு மட்டும்தானா?

இதற்கு எல்லோரும் முதலில் சொல்லும் பெயர்கள் ரான் ஹோவர்டும் ஜோடி ஃபாஸ்டரும். ஹோவர்ட் 1960-களில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் சிறுவனாக நடித்து அமெரிக்காவுக்கே செல்லப்பிள்ளையாக இருந்தவர். 2002-ல் இயக்குநருக்கான ஆஸ்கர் வாங்கினார். அவருக்குப் படப்பிடிப்புத் தளம் பிடித்த பள்ளிக்கூடமாக இருந்தது, அங்கே கற்றதை வைத்து மேலே போனார். அது சந்தோஷமான கதை, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு ஆழமான பதில் வேண்டுமென்றால் கனடாவின் சாரா பாலியைப் பார்க்க வேண்டும். தளத்தில் கழிந்த குழந்தைப் பருவம் அவரைக் காயப்படுத்தியது. அந்தக் காயத்தைப் பற்றி நேர்மையாக யோசித்து யோசித்தே அவர் இயக்குநரானார் என்பது என் எண்ணம். அவர் எடுத்த முழுநீளப் படங்கள் நான்குதான். நான்கிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: நடந்ததைச் சொல்லும் உரிமை யாருக்கு?

டொரொண்டோவில் 1979 ஜனவரியில் பிறந்தவர் சாரா. அம்மா டயான் நடிகை, பிறகு நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை பார்த்தவர். அப்பா மைக்கேல் இங்கிலாந்தில் பிறந்த நடிகர், குடும்பத்துக்காக நடிப்பை விட்டு இன்சூரன்ஸ் வேலைக்குப் போனவர். ஐந்து பிள்ளைகளில் சாரா கடைக்குட்டி. வீடு முழுக்கச் சினிமா, நாடகப் பேச்சு. 1985-ல் வந்த ஒரு டிஸ்னி கிறிஸ்துமஸ் படத்தில் முதல்முறையாக நடித்தபோது பள்ளிக்கூடத்தில் காலடி வைக்கும் வயது. அப்புறம் 'ரமோனா' என்ற தொலைக்காட்சித் தொடரில் நாயகி.

எட்டு வயதில் ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவைச் சேர்ந்த டெரி கில்லியம் இயக்கிய 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் பாரன் முன்ச்சௌசன்'. ரோமிலும் ஸ்பெயினிலும் படப்பிடிப்பு. செலவு கைமீறிப் போய் இன்றுவரை சினிமா வட்டாரத்தில் பேசப்படும் படம் அது. கதையில் சாலி என்ற சிறுமி சாரா. திரையில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும் கற்பனை, இன்றும் அந்தப் படத்துக்கு ரசிகர்கள் உண்டு. ஆனால் அந்தக் குழந்தைக்கு அது வேறு அனுபவம். வெடிகள் வெடிக்கும் இடத்தினூடே மறுபடி மறுபடி ஓட வேண்டியிருந்தது. காதில் பஞ்சு வைத்து அனுப்பினார்கள். தண்ணீரில் எடுத்த ஒரு காட்சியில் வெடி மிக அருகில் வெடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி ஆனது. குளிர்ந்த நீர்த்தொட்டியில் நீண்ட நேரம் நனைந்து கிடக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் அவர் பிற்காலத்தில் விரிவாக எழுதியிருக்கிறார்.

அந்தத் தளத்தில் பெற்றோர் இல்லாமல் இல்லை. அவர்கள் மான்டி பைத்தானின் பெரிய ரசிகர்கள். அவ்வளவு பெரிய கலைஞர் படம் எடுக்கும்போது, குழந்தை பயப்படுகிறது, நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வது? குழந்தையும் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான பெரியவர்கள் காத்திருக்கும் இடத்தில், தன்னால்தான் வேலை நிற்கிறது என்று வந்துவிடக் கூடாது என்பது அந்த வயதிலேயே நடிக்கும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். நல்ல பிள்ளை என்ற பெயர், கேட்டதைச் செய்கிற பிள்ளைக்குக் கிடைப்பது.

கதை இங்கே முடியவில்லை. 2000-களின் நடுவில் கில்லியம் மறுபடியும் ஒரு சிறுமியை மையமாக வைத்துப் படம் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, வளர்ந்த சாரா அவருக்கு மின்னஞ்சல் எழுதினார். தனக்கு நேர்ந்ததைச் சொல்லி, அந்தக் குழந்தையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பயமாகத் தோன்றியிருக்கலாமே தவிர உண்மையில் ஆபத்து எதுவும் இருக்கவில்லை என்பதாக இருந்தது கில்லியமின் பதில். அந்தக் கடிதப் போக்குவரத்து ஒரு டொரொண்டோ நாளிதழில் வெளியானது. ஒரே சம்பவம், இரண்டு பேரின் நினைவு, இரண்டும் ஒத்துப்போகவில்லை. இன்னும் பல வருடம் கழித்து, 2022-ல் வந்த தன் கட்டுரைத் தொகுப்பில் சாரா இதே விஷயத்துக்குத் திரும்பி, அன்றைக்கு எழுதியதில் தான் கில்லியமிடம் அளவுக்கு மீறி மென்மையாக நடந்துகொண்டதாக எழுதினார். மேதை என்றால் கட்டுக்கடங்காமல்தான் இருப்பார், சுற்றியிருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற நம்பிக்கையைக் கேள்வி கேட்டார். தன் பெற்றோரையும் அந்தக் கணக்கிலிருந்து விட்டுவிடவில்லை. தன் நினைவையே பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பரிசோதித்துத் திருத்தி எழுதும் இந்தக் குணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய படங்கள் எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன.

அடுத்தது 'ரோட் டு அவான்லீ'. எல்.எம். மாண்ட்கோமரியின் கதைகளை வைத்து, பிரின்ஸ் எட்வர்ட் தீவில் நடப்பதாக எடுக்கப்பட்ட தொடர். கனடாவின் அரசுத் தொலைக்காட்சியான சிபிசியில் 1990 முதல் 1996 வரை ஓடியது. அமெரிக்காவில் டிஸ்னி சேனலில் வந்தது. சாரா ஸ்டான்லி என்ற முக்கியப் பாத்திரம் இவருக்கு. ஒரு தலைமுறைக் கனடியக் குழந்தைகளுக்கு அவர் வீட்டுப் பெண் மாதிரி. அவருக்கோ, தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கிய அதே 1990 ஜனவரியில், பதினோராவது பிறந்தநாளை ஒட்டி, அம்மா புற்றுநோயால் இறந்துபோனார். கதையில் சாரா ஸ்டான்லியும் தாயை இழந்த பெண். நிஜ துக்கம் ஆறுவதற்கு முன் அதே துக்கத்தைக் கேமரா முன் நடித்துக் காட்ட வேண்டிய நிலை. வேலை நேரமும் நீண்டது. ஒண்டாரியோ மாகாணத்தில் குழந்தைக் கலைஞர்களுக்கென்று தனிப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது 2015-ல்தான் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு வயதில் ஒரு சம்பவம். வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். வாஷிங்டனில் ஒரு விருது விழாவுக்குச் சமாதானச் சின்னத்தை அணிந்துகொண்டு போனார். டிஸ்னி அதிகாரிகள் அதைக் கழற்றச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். தளத்தில் முடியாது என்று சொல்லத் தெரியாத குழந்தைக்கு, உலக விஷயத்தில் முடியாது என்று சொல்லத் தெரிந்திருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான்.

அதற்கப்புறம் வந்த வருடங்கள் கடினமானவை. முதுகெலும்பு வளைவு நோய் முற்றிக்கொண்டிருந்தது. பதினைந்து வயதில் ஸ்ட்ராட்ஃபோர்ட் நாடக விழாவில் ஆலிஸ் வேடத்தில் நடித்தபோது மேடைப் பயம் அவரைத் தின்றுவிட்டது. தினமும் நடுங்கிக்கொண்டே மேடையேறியவர், முதுகு அறுவை சிகிச்சையைக் காரணம் காட்டி நாடகத்திலிருந்து விலகினார். பயம் என்று வெளியே சொல்ல முடியாததால், உடம்பு வலியைச் சாக்காகச் சொன்னதைப் பிற்பாடு மறைக்காமல் எழுதினார். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. சிறு வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறி வாழ்ந்தார். வறுமை எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்து தெருவில் இறங்கினார். 1995-ல் ஒண்டாரியோ சட்டமன்றத்துக்கு முன்னால் நடந்த போராட்டத்தில் போலீசாருடனான மோதலில் பற்களை இழந்தார். நாடே கொஞ்சிய தொலைக்காட்சிக் குழந்தையின் பதினாறு வயது இப்படி இருந்தது.

சினிமாவை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தவரைத் திருப்பிக் கொண்டுவந்தவர் இயக்குநர் ஆட்டம் எகோயன். 1997-ல் வந்த 'தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்' கனடிய சினிமாவின் உச்சங்களில் ஒன்று, பிரான்சின் கான் விழாவில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் ப்ரீ வாங்கியது. பனியில் சறுக்கி ஏரிக்குள் போன பள்ளிப் பேருந்து, பிள்ளைகளை இழந்த ஊர், நஷ்டஈடு வாங்கித் தருவதாக வரும் வழக்கறிஞர். விபத்தில் தப்பி, சக்கர நாற்காலியில் அமர்ந்துவிட்ட நிக்கோல் என்ற பெண்ணாக சாரா. கடைசியில் முழு ஊரின் வழக்கும் அவள் கொடுக்கப்போகும் வாக்குமூலத்தை நம்பி நிற்கிறது. பெரியவர்கள் எல்லோரும் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்களோ அதை அவள் சொல்வதில்லை. அந்தக் காட்சியில் சாராவின் முகத்தைப் பாருங்கள். ஒரு சொல் உயர்த்திப் பேசுவதில்லை, கண்ணீர் இல்லை. பெரியவர்கள் தனக்குச் செய்ததற்கு ஒரு பெண் தன் கதையை வைத்தே பதில் சொல்கிறாள். இந்த வேடத்தை அவர் இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்தப் படத்தில் அவரே பாடியும் இருக்கிறார்.

இந்த வெற்றிக்குப் பிறகு ஹாலிவுட் கதவைத் தட்டியது. 'ஆல்மோஸ்ட் ஃபேமஸ்' படத்தில் பென்னி லேன் வேடம் அவருக்கு உறுதியாகி, பிறகு அவரே விலகிவிட்டார். கனடாவில் சிறிய பட்ஜெட்டில் ஒரு படத்தில் நடிக்கப் போனார். அந்த வேடம் கேட் ஹட்சனுக்குப் போனது, ஆஸ்கர் பரிந்துரை வரை கொண்டுசென்றது. பலரும் இதைத் தவறவிட்ட வாய்ப்பு என்று சொல்வார்கள். நட்சத்திரமாக இருப்பது என்றால் என்ன என்று பத்து வயதுக்கு முன்பே பார்த்துவிட்ட ஒருவர், இரண்டாம் முறை அது தேடி வந்தபோது வேண்டாம் என்றார். அவ்வளவுதான்.

இருபது வயதை ஒட்டிக் குறும்படங்கள் எடுக்கத் தொடங்கினார். இயக்குநர் நார்மன் ஜூவிசன் தொடங்கிய கனடியத் திரைப்பட மையத்தில் சேர்ந்து படித்தார். இது முக்கியம் என்று நினைக்கிறேன். அத்தனை வருடம் தளத்தில் இருந்தவர் எனக்கு எல்லாம் தெரியும் என்று நேராக முழுநீளப் படத்துக்குப் போகாமல், மாணவியாக உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 2001-ல் எடுத்த 'ஐ ஷௌட் லவ்' குறும்படத்துக்குக் கனடாவின் ஜீனி விருது கிடைத்தது.

சரி, இனி அவருடைய படங்கள்.

ஐஸ்லாந்தில் ஒரு படத்தில் ஜூலி கிறிஸ்டியுடன் நடித்துவிட்டு விமானத்தில் திரும்பும்போது, நியூயார்க்கர் இதழில் ஆலிஸ் மன்றோவின் ஒரு சிறுகதையைப் படித்தார். நாற்பது வருடங்களுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்த தம்பதி, மனைவிக்கு அல்சைமர் நோய். படிக்கும்போதே அந்த மனைவியின் முகம் ஜூலி கிறிஸ்டியாகத் தெரிந்தது என்கிறார். கிறிஸ்டி அப்போது நடிப்பிலிருந்து ஏறக்குறைய ஒதுங்கியிருந்தவர், எளிதில் சம்மதிக்கவில்லை. விடாமல் கேட்டுச் சம்மதிக்க வைத்தார். 2006-ல் 'அவே ஃப்ரம் ஹெர்' வந்தபோது சாராவுக்கு 27 வயது.

27 வயதில் முதுமையைப் பற்றி முதல் படம். அதுவும் கண்ணீரைப் பிழிந்தெடுக்கச் சுலபமான கதை. அவர் பிழியவில்லை. மனைவி ஃபியோனா கழுவிய வாணலியைக் கொண்டுபோய் ஃப்ரீசருக்குள் வைக்கிறாள். கணவன் கிராண்ட் பார்த்துக்கொண்டிருக்கிறான், எதுவும் சொல்வதில்லை. நோய் வந்துவிட்டது என்பதை அந்த ஒரு செய்கை சொல்லிவிடுகிறது. அவளைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கிறார்கள். முதல் 30 நாட்கள் யாரும் வந்து பார்க்கக் கூடாது என்பது அங்கே விதி. அது முடிந்து கணவன் போகும்போது, மனைவிக்கு அவனைச் சரியாக அடையாளம் தெரியவில்லை. இன்னொரு நோயாளியிடம் பாசமாக, அவருக்கு வேண்டியதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறாள்.

இதுவரைக்கும் சொன்னால் இது துயரக் கதை. ஆனால் கிராண்ட் பேராசிரியராக இருந்த காலத்தில் மாணவிகளோடு உறவு வைத்திருந்தவன். எல்லாவற்றையும் மறந்துகொண்டிருக்கும் ஃபியோனாவுக்கு அது மட்டும் மறக்கவில்லை. இது நோயா, இல்லை தன்னைத் தண்டிக்கிறாளா என்று அவன் தவிக்கிறான். இத்தனை வருட மண வாழ்க்கையின் கதையை அதுவரை அவன் தன் வசதிக்கு ஏற்ற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான், இப்போது அதை அவளுடைய பக்கத்திலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வயதில் இதைப் புரிந்துகொண்டு, கார்டன் பின்சென்ட், கிறிஸ்டி போன்ற மூத்த நடிகர்களை இவ்வளவு அடக்கமாக நடிக்க வைத்ததுதான் சாதனை. கிறிஸ்டிக்குக் கோல்டன் குளோப் கிடைத்தது, ஆஸ்கர் பரிந்துரை வந்தது. தழுவல் திரைக்கதைக்காக சாராவுக்கும் ஆஸ்கர் பரிந்துரை. ஜீனி விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர் இரண்டும்.

2011-ல் வந்த 'டேக் திஸ் வால்ட்ஸ்' பற்றி நிறையச் சொல்ல எனக்கு இல்லை. டொரொண்டோவின் கோடைக்காலம், மணமான இளம்பெண் (மிஷெல் வில்லியம்ஸ்), நல்ல கணவன் (சேத் ரோகன்), எதிர்வீட்டுக்காரன் மேல் வரும் ஈர்ப்பு. வண்ணங்கள் பொங்கி வழியும் படம், சில இடங்களில் வசனங்கள் செயற்கையாக ஒலிக்கும். ஆனால் நீச்சல் குளத்தின் குளியலறையில் எல்லா வயதுப் பெண்களும் குளித்துக்கொண்டே பேசும் ஒரு காட்சி இருக்கிறது. பெண்களின் உடம்பை இவ்வளவு சாதாரணமாக, யாருடைய கண்ணுக்கும் விருந்தாக்காமல் காட்டிய காட்சியை நான் வேறு படத்தில் பார்த்ததில்லை. சிறு வயது முதல் பிறர் பார்வைக்குப் பொருளாக இருந்த ஒருவர்தான் அந்தக் காட்சியை எடுத்திருக்க முடியும்.

என் கணிப்பில் அவருடைய மிகப் பெரிய படம் அடுத்து வந்ததுதான். 2012-ல் வெனிஸ் விழாவில் முதலில் திரையிடப்பட்ட 'ஸ்டோரீஸ் வி டெல்' என்ற ஆவணப்படம். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் தயாரித்தது.

விஷயம் இது. சாரா அப்பா ஜாடையில் இல்லை என்று வீட்டில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வது வழக்கம். வளர்ந்த பிறகு அந்த வேடிக்கையைத் துருவிப் பார்த்தார். அம்மா டயான் 1978-ல் ஒரு நாடகத்தில் நடிக்க மான்ட்ரியலுக்குப் போயிருந்தார். அங்கே ஹாரி கல்கின் என்ற திரைப்படத் தயாரிப்பாளரோடு உறவு ஏற்பட்டது. சாரா அவருடைய மகள். அம்மாவின் பழைய நட்பு வட்டத்தைப் பற்றி விசாரிக்கப் போன இடத்தில் கல்கினே இதைச் சொன்னார், டிஎன்ஏ சோதனை உறுதி செய்தது.

இந்தச் செய்தி பத்திரிகைக்காரர் ஒருவர் காதுக்குப் போய்விட்டது. எழுத வேண்டாம் என்று அவரிடம் கெஞ்சினார் சாரா. வளர்த்த அப்பாவுக்கு இன்னும் தெரியாது. கல்கின் தன் பார்வையில் இதை எழுதி வெளியிட விரும்பினார். வளர்த்த அப்பா மைக்கேலோ, தெரிந்த பிறகு, கோபப்படுவதற்குப் பதில் உட்கார்ந்து தன் பங்குக்கு எழுதத் தொடங்கினார். ஆக ஒரு கதைக்கு ஆளாளுக்கு ஒரு வடிவம். சாரா செய்தது என்னவென்றால், அண்ணன்மார், அக்காமார், இரண்டு அப்பாக்கள், அம்மாவின் தோழிகள் எல்லோரையும் தனித்தனியாக உட்கார வைத்து, ஆரம்பத்திலிருந்து முழுக்கதையையும் சொல்லுங்கள் என்று கேட்டார். யார் சொன்னதையும் இது சரி, அது தவறு என்று வெட்டவில்லை. அருகருகே வைத்தார்.

கல்கின் படத்திலேயே எதிர்ப்புத் தெரிவிக்கிறார்: நடந்தது இரண்டு பேருக்கிடையே, அதில் ஒருவர் இல்லை, எனவே சொல்லும் உரிமை மிச்சமிருக்கும் தனக்குத்தான் என்கிறார். அந்த வாதத்தையும் மகள் படத்தில் வைத்துவிடுகிறார். இன்னொரு பக்கம் மைக்கேல் ஒலிப்பதிவு அறையில் நின்று, தான் எழுதியதைத் தானே வாசிக்கிறார். மனைவி தன்னைவிட்டு இன்னொருவரை விரும்பியதைப் பற்றி, அவரால் பிறந்த மகளின் முன்னால். நடுவே சாரா, அப்பா, அந்த வரியை இன்னொருமுறை வாசிக்க முடியுமா என்று கேட்கிறார். ஒரு கணம் திடுக்கிட வைக்கும். அவரே இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னொரு டேக் கேட்கும் இயக்குநர். தான் கேட்கிறோம் என்பதை ஒளிக்காமல் படத்தில் விட்டுவைத்திருக்கிறார், அதுதான் நேர்மை.

படத்தில் இடையிடையே பழைய சூப்பர் எயிட் வீட்டுப் படச்சுருள்கள் வருகின்றன. டயான் சிரிக்கிறார், ஆடுகிறார், நீச்சல் குளத்தருகே உட்கார்ந்திருக்கிறார். பாதியில்தான் பார்ப்பவருக்குப் புரியும், அவற்றில் பல நடிகர்களை வைத்துப் புதிதாக எடுக்கப்பட்டவை. முதலில் இது ஏமாற்று என்று சிலர் கோபப்பட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நாம் எல்லோரும் இறந்தவர்களை இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறோம், பாதி நடந்தது, பாதி நாமே மனத்தில் எடுத்த காட்சி.

டயான் ஏன் ரகசியத்தை யாரிடமும் சொல்லாமல் போனார் என்பதற்கும் படத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. முதல் கணவரைவிட்டு மைக்கேலிடம் வந்தபோது, அந்தத் திருமணத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகளின் பொறுப்பை நீதிமன்றம் அவருக்குத் தரவில்லை. பிள்ளைகளை ஒருமுறை இழந்தவர் இரண்டாம் முறை அந்த ஆபத்தை எப்படி எடுப்பார்? நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர் வட்டங்கள் இரண்டும் 2013-ன் சிறந்த ஆவணப்படமாக இதைத் தேர்ந்தெடுத்துப் பரிசளித்தன.

அதற்குப் பிறகு பத்து வருட இடைவெளி. 2015-ல் ஒரு சமூகக்கூடத்தில் தொலைந்த பொருள் பெட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவி தலையில் விழுந்தது. மூளை அதிர்ச்சி. வெளிச்சம், சத்தம் எதுவும் தாங்காத நிலை, வருடக்கணக்கில் நீடித்தது. 'லிட்டில் விமன்' நாவலைத் திரைக்கதையாக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது, அதை விட வேண்டி வந்தது. கடைசியில் பிட்ஸ்பர்க்கில் ஒரு மருத்துவர் வழக்கத்துக்கு மாறான அறிவுரை சொன்னார்: எதெல்லாம் தலைவலியைக் கூட்டுகிறதோ அதிலிருந்து ஒதுங்காதே, அதை நோக்கியே போ. அதுவே பிறகு அவருடைய கட்டுரைத் தொகுப்புக்குத் தலைப்பானது.

இந்த இடைவெளியில் மார்கரெட் அட்வுட்டின் 'அலியஸ் கிரேஸ்' நாவலை ஆறு பகுதித் தொடராக எழுதினார், 2017-ல் வந்தது. மேரி ஹாரன் இயக்கினார். பதினேழு வயதில் உரிமை கேட்டு அட்வுட்டுக்கே கடிதம் போட்டு, மறுக்கப்பட்டு, இருபது வருடம் விடாமல் மனதில் வைத்திருந்த கதை அது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட வேலைக்காரப் பெண் தன் கதையைச் சொல்கிறாள், கேட்கிற மருத்துவரால் எது உண்மை என்று முடிவு செய்ய முடியவில்லை. மறுபடி அதே கேள்விதான்.

2022-ல் 'விமன் டாக்கிங்'. மிரியம் டேவ்ஸின் நாவல். பொலிவியாவில் மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஒதுங்கிய குடியிருப்பு ஒன்றில் உண்மையில் நடந்த கொடுமையிலிருந்து பிறந்தது. பெண்களை மயக்க மருந்து தெளித்துத் தூங்க வைத்துப் பலாத்காரம் செய்தார்கள், காலையில் எழுந்து வலி என்று சொன்னவர்களிடம் அது பேயின் வேலை, உங்கள் கற்பனை என்றார்கள். 2011-ல் குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைத்தது. நாவலும் படமும் அதற்குப் பிறகு என்ன என்று கேட்கின்றன. வைக்கோல் பரணில் பெண்கள் கூடி முடிவெடுக்க வேண்டும்: மன்னித்துவிட்டு இருப்பதா, இருந்து போராடுவதா, ஊரைவிட்டுப் போவதா. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாதவர்கள். பேசிப் பேசியே முடிவுக்கு வருகிறார்கள்.

படத்தில் கொடுமை எங்கும் காட்டப்படுவதில்லை. அதற்குப் பிந்தைய காலை மட்டும் வருகிறது. குற்றவாளிகளின் முகம் கிடையாது. ஒரே பரணில் நடக்கும் பேச்சை, அவருடைய பழைய ஒளிப்பதிவாளர் லூக் மாண்ட்பெலியே பிரமாண்டமான காவியத்துக்கு வைக்கும் அகலச் சட்டகத்தில் எடுத்திருக்கிறார். நாவலில் கதை சொல்பவர், கூட்டக் குறிப்பு எழுத அழைக்கப்பட்ட ஆசிரியர், ஓர் ஆண். படத்துக்கும் முதலில் அப்படித்தான் பின்னணிக் குரல் பதிவானது. படத்தொகுப்பின்போது அதை மாற்றி, அந்தப் பரணில் இருக்கும் சிறுமி ஔட்ஜேயின் குரலுக்குக் கொடுத்தார் சாரா. பெரியவர்கள் கூட்டத்தில் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளை இப்போது முழுக்கதையையும் சொல்கிறாள். முன்ச்சௌசன் தளத்தில் வாயைத் திறக்க முடியாமல் நின்ற எட்டு வயதுப் பிள்ளையை நினைத்துக்கொண்டு இந்த முடிவைப் பார்த்தால், எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பது தெரியும்.

அந்தப் படப்பிடிப்பை அவர் நடத்திய விதமும் பேசப்பட வேண்டியது. வட அமெரிக்கச் சினிமாவில் 12, 14 மணி நேர வேலை சர்வசாதாரணம். இவர் 10 மணி நேரம் என்று வரையறுத்தார், பிள்ளை பெற்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. கதையின் விஷயம் பலருடைய பழைய காயங்களைக் கிளறும் என்று தெரிந்து, தளத்தில் ஒரு மனநல வல்லுநரை வைத்திருந்தார். யாருக்கு முடியவில்லையோ அவர் எழுந்து போகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒழுங்கான வேலைக்கு இது குறுக்கே நிற்கும் என்று சொல்பவர்களுக்குப் படமே பதில்.

2023 ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான பட்டியலில் இருந்த பத்துப் படங்களில், பெண் இயக்கிய படம் இது ஒன்றுதான். இயக்குநர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தழுவல் திரைக்கதை விருதை வாங்கினார். மேடையில் ஏறியதும், பெண்கள் என்ற சொல்லும் பேச்சு என்ற சொல்லும் இவ்வளவு பக்கத்தில் வந்ததைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளாததற்கு அகாடமிக்கு நன்றி சொன்னார்.

இனி உங்கள் கேள்விக்கு. குழந்தையாக நடித்தது இயக்குநருக்கு உதவுமா? கேமரா, லென்ஸ், ஷாட் பிரிப்பது இதெல்லாம் வெளியிலிருந்து வருபவரும் ஒன்றிரண்டு வருடத்தில் கற்றுக்கொள்ளலாம். அந்த விஷயத்தில் குழந்தை நடிகருக்குப் பெரிய முன்னிலை எதுவும் இல்லை. கற்றுக்கொடுக்க முடியாத ஒன்று உண்டு. படப்பிடிப்புத் தளத்தில் அதிகாரம் குறைந்த ஆளின் இடத்தில் நின்று பார்ப்பது. அங்கே அதிகாரமே இல்லாத ஆள் குழந்தைதான். ஆக்‌ஷன் என்ற சொல்லுக்கு முந்தைய நொடியில் நடிகர் வயிற்றில் என்ன நடக்கும், இயக்குநர் முகம் சுளித்தால் அது எவ்வளவு தூரம் போகும், பயந்த நடிகர் எதையெல்லாம் மறைப்பார் என்பதெல்லாம் சாராவுக்கு உடம்பில் தெரியும். அதனால்தான் ஆவணப்படம் தவிர்த்த மூன்று படங்களிலும் நடிகர்கள் அவரிடம் அப்படிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அனுபவம் தானாக இதைத் தந்துவிடாது. அதே மாதிரி வளர்ந்த எத்தனையோ பேர், தனக்கு நடந்ததையே அடுத்தவருக்குச் செய்பவர்களாகவும் ஆகலாம், நானும் இப்படித்தான் கஷ்டப்பட்டு வந்தேன் என்று. சாரா அந்தப் பக்கம் போகாததற்குக் காரணம், தன் நினைவைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்து எழுதிய உழைப்பு. குழந்தைகள் முழுநேரத் தொழிலாக நடிப்பதை அவர் இன்றும் ஆதரிப்பதில்லை, அது தனக்கு நல்ல வாழ்க்கையைத் தந்த பிறகும்.

பார்க்கத் தொடங்குவதாக இருந்தால், வெளிவந்த வரிசையில் போக வேண்டாம். முதலில் 'தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்', நடிகையாக அவர் யார் என்று தெரிய. உடனே 'ஸ்டோரீஸ் வி டெல்', ஆனால் அதைப் பற்றி மேலே நான் சொன்னதைத் தாண்டி எதையும் படிக்காமல் பாருங்கள், கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது, அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அப்புறம் 'அவே ஃப்ரம் ஹெர்', 'விமன் டாக்கிங்'. வீட்டில் முதியவர்களைக் கவனித்துக்கொண்டிருப்பவர்கள் 'அவே ஃப்ரம் ஹெர்' படத்தைத் தனியாகப் பார்ப்பது நல்லது. கொஞ்சம் சிரிக்க வேண்டுமென்றால், சேத் ரோகன் எடுத்த 'தி ஸ்டுடியோ' தொடரின் இரண்டாவது பகுதியைப் பாருங்கள். 2025-ல் வந்தது. அதில் சாரா பாலி சாரா பாலியாகவே வருகிறார், மாலை வெளிச்சம் போவதற்குள் ஒரு நீண்ட ஷாட்டை எடுத்து முடிக்கப் போராடும் இயக்குநராக.